மறுநாள் வீட்டுக்கு வருகிறவர்

பந்தயம் நடந்த மறுநாள் காலையில் அவருடைய மொபெட் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். முந்தின நாள் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டவன் எந்த வீட்டுப் பையன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். நீல நிற மொபெட். பின்னால் தடுப்பூசி மருந்து வைக்கும் ஐஸ் பெட்டி கட்டியிருக்கும். அதைத் தெருமுனையில் கண்டதுமே சில பையன்கள் கொல்லைப்புறமாக ஓடிவிடுவார்கள். அவர் அவசரப்பட மாட்டார். அந்த வீட்டுக்காரம்மா போட்டுக்கொடுக்கும் காப்பியைக் குடித்துக்கொண்டு பருத்தி எப்படி, உளுந்து எப்படி என்று கேட்டுக்கொண்டிருப்பார். பையன் பசித்து வீட்டுக்கு வருகிறவரை உட்கார்ந்திருப்பார்.

எங்கள் ஊர், எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து உள்ளே விலகிப் போகும் ரோட்டில் இருக்கிறது. எங்கள் ஊரில் இருந்த அரசாங்க மாட்டாஸ்பத்திரியில் அவர் கால்நடை ஆய்வாளர். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் அதிகம். ஊசி போடுவது, சினை பார்ப்பது, ஆட்டுக்குப் புழு மருந்து ஊற்றுவது எல்லாம் இவர்தான். ஊர் அவரை டாக்டரம்மா என்றது. நான் டாக்டர் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் திருத்திப் பார்த்துவிட்டு, பிறகு அதை விட்டுவிட்டார். உடன்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. கோவில்பட்டியில் பள்ளிக்கூடம் படிக்கும் மகளோடு வாடகை வீட்டில் இருந்தார். கணவருக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை.

அப்போது எங்களுக்கு ஓர் இளைஞர் மாட்டுவண்டிப் பந்தயச் சங்கம் இருந்தது. தொண்ணூறுகளின் பின்பாதி. பெரிய மாடுகளை வைத்துப் பெரியவர்கள் நடத்தும் பந்தயம் வேறு. எங்களுடையது பூஞ்சிட்டு வண்டிகள், அதாவது இளங்காளைகள் பூட்டிய சின்ன வண்டிகள். ஓட்டுகிற சாரதியும் சின்னப் பையன்; கூடவே ஓடி மாட்டை விரட்டுகிற துணைச் சாரதியும் சின்னப் பையன். நான் கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்தில் வேலை பார்த்தேன். நோட்டீஸ் அடிக்கத் தோதாக இருக்கும் என்று என்னைச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். மைக்கில் அறிவிக்கிற வேலையும் என்னுடையதே.

ஒரு வருசம் கோயில் கொடைக்கு நடந்த பந்தயத்தில், எந்த வண்டி முதலில் கோட்டைத் தாண்டியது என்பதில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தகராறு வந்து கல் பறந்தது. மண்டை உடைந்தவர்களை டிராக்டரில் ஏற்றிப் போனோம். அடுத்த பந்தயத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி கேட்டுப் போனபோது, இரண்டு தெருவும் ஒத்துக்கொள்கிற பொதுவான ஒரு நடுவரைக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். யார் பெயரைச் சொன்னாலும் ஏதாவது ஒரு தெரு எழுந்தது. கடைசியில் ஒரு பெயர் வந்தபோது இரண்டு தெருவும் சும்மா இருந்தன. இரண்டு தெரு மாட்டுக்கும் அவர்தானே ஊசி போடவேண்டும்.

நாங்கள் போய்க் கேட்டபோது அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. மாட்டை நிறுத்தி ஊசி போடும் மரச்சட்டத்தில் சாய்ந்து நின்றபடி, உங்கள் பந்தயம் முடிந்த ஒவ்வொரு திங்கட்கிழமையும் எனக்கு இங்கே என்ன வேலை தெரியுமா என்று கேட்டார். தார்க்குச்சி ஆணி குத்திய புண், கடித்த வால், சாராயம் ஊற்றியதால் தீனி எடுக்காமல் படுத்துவிட்ட மாடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். விதிகளை நான்தான் வகுப்பேன், அதற்குச் சம்மதமானால் வருகிறேன் என்றார். அன்று சாயங்காலமே அங்கேயே உட்கார்ந்து வகுத்தோம். கம்பில் ஆணி இருக்கக் கூடாது. வாலைக் கடிக்கவோ முறுக்கவோ கூடாது. குடித்தவன் கயிற்றைத் தொடக் கூடாது. முன்னால் போகிற வண்டி கவிழ்ந்தால் பின்னால் வருகிற வண்டி நின்றே ஆகவேண்டும். பதினெட்டு நிறையாதவன் வண்டி ஏற வேண்டுமென்றால் அவனுடைய அம்மா நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அப்பா சொன்னால் போதாதா என்று ஒருவன் கேட்டான். அப்பாமார் எல்லாரும் சரி என்றுதான் சொல்லுவார்கள் என்றார்.

கடைசியாக அவர் சொன்ன விதிதான் எங்களுக்குப் புரியவில்லை. யாரையாவது விலக்கினால், மறுநாள் நடுவரும் செயலாளரும் அவன் வீட்டுக்குப் போக வேண்டும்.

"எதுக்கு டாக்டரம்மா, மன்னிப்புக் கேக்கவா?" என்று கேட்டேன்.

"மன்னிப்பு எதுக்குலே? பாத்துட்டு வரத்தான்."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் விலக்கப்பட்டவன், குடித்துவிட்டு வண்டியேறிய கீழத்தெருப் பையன். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவர் பின்னால் போனேன். பையனுடைய அம்மா பதறிப்போய், இந்த ஒரு தடவை விட்டுவிடக் கூடாதா என்று அழுதார். அவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "குறைக்க வரலம்மா. பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். இதைப் பிறகு எத்தனையோ வாசல்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். தண்டனை ஒருநாள் கூடக் குறையாது. ஆனால் பையன் வந்து எதிரில் நிற்பான். சாப்பிட்டாயா என்று கேட்பார். வேறு எதுவும் பேச மாட்டார். திரும்பி வரும்போது அந்தப் பையனே மொபெட்டை வாசலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து தெருவில் விடுவான்.

எதற்கு இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன். காலில் ஒட்டிய கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே சொன்னார். "திங்கக்கிழமை அவன் மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் இல்லன்னா, ஞாயித்துக்கிழமை நான் கொடியத் தூக்கப்பிடாதுல்லா."

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில்பட்டியில் காலை ஆராதனையை முடித்துக்கொண்டு நேராக வருவார். கோயிலுக்குக் கட்டிய நல்ல சேலைமேல் ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்வார். வண்டிகள் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு மாட்டின் வாயையும் திறந்து பல் பார்ப்பார். பூஞ்சிட்டு வண்டிக்கு வயது முக்கியம். வயதான மாட்டை இளங்காளை என்று கொண்டுவந்து நிறுத்துபவர்கள் உண்டு. ஒருவர் தன் காளை இன்னும் பால்பல்லே விழவில்லை என்று அடித்துச் சொன்னார். இவர் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உங்க காளைக்குப் பேத்தி இருக்கும்" என்று சொல்லி அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

பதினைந்து வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். கூடவே ஒரு பெண். அம்மா வந்திருக்கிறாள், சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். இவர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். "இவிய இவன் அத்தைல்லா. இவன் அம்மா ஆட்டுக்குப் போன வாரந்தான மருந்து ஊத்துனேன்." உண்மையான அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருந்தார். சொல்லி அனுப்பி அவரை வரவழைத்து, கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போய் மெதுவாக ஏதோ கேட்டார். அந்த அம்மா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவ்வளவுதான், பையனை இறக்கிவிட்டார். யார் வேண்டாம் என்றார்கள் என்று கூட்டத்துக்குச் சொல்லவில்லை. நான் விலக்கினேன் என்றே சொன்னார். மறுநாள் அந்த வீட்டுக்கும் போனோம். பையனின் அப்பா இவரைக் கண்டபடி பேசினார். இவர் கேட்டுக்கொண்டார். உள்ளே அடுப்படியில் நின்ற அந்த அம்மாவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. மாட்டைப் பார்த்தால் அவருக்குப் போதும். ஓட்டியவனிடம் எதுவும் கேட்க மாட்டார். பந்தயம் முடிந்ததும் மாட்டைச் சுற்றி வந்து, முதுகையும் சப்பையையும் வாலையும் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஓட்டியவன் வாயைத் திறந்தால், "மனுசன் ஆயிரம் சொல்லுவான். மாட்டு ஒடம்பு பொய் சொல்லாது" என்பார். அது சரியாகவே இருந்ததால் நாங்களும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். சுற்று வட்டாரத்தில், புதூர் வரைக்கும், எங்கள் பந்தயத்தில் ஏமாற்ற முடியாது என்ற பேர் வந்தது. இரண்டு தெருவும் சண்டை இல்லாமல் ஒரே ரோட்டின் இரண்டு ஓரங்களில் நின்று கைதட்டின.

சுடலைமுத்து மேலத்தெருப் பையன். பத்தொன்பது வயது. அதிகம் பேச மாட்டான். அவனும், ஐயா என்று அவன் கூப்பிடுகிற அவனுடைய அப்பாவும் சேர்ந்து கன்றிலிருந்து வளர்த்த ஒரு ஜோடிக் காளை. அந்த வருசம் பங்குனிக் கொடைக்கு நடந்த பந்தயத்தில் அவன் வண்டி முதலாவதாக வந்தது. போகும்போது நான்காவதாக இருந்தவன், திருப்பத்தில் ரோட்டோரத்தை ஒட்டி உள்பக்கமாக வளைத்து மற்றவர்களை முந்திவிட்டான். மைக்கில் அவன் பேரைச் சொல்லி என் தொண்டை கட்டிப்போனது.

அவர் மாட்டைச் சுற்றி வந்தார். இடது காளையின் பின்சப்பையில் ரத்தம் வழிந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தார். பிறகு வண்டியில் கிடந்த கம்பை எடுத்தார். அதன் நுனியில் ஆணி இல்லை. ஆனால் ஆணி இருந்த துளை இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மைக்கை வாங்கினார். குத்திவிட்டு வழியில் ஆணியைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள், சுடலைமுத்து வண்டி ஒரு வருசத்துக்கு விலக்கப்படுகிறது என்று அறிவித்தார். கம்பைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

சுடலைமுத்து ஏதோ சொல்லப் பக்கத்தில் வந்தான். அவர் அடுத்த வண்டி மாட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அவன் கயிற்றைத் தன் ஐயா கையில் கொடுத்துவிட்டு ரோட்டை விட்டிறங்கி, அறுப்பு முடிந்து கிடந்த காட்டு வழியாக நடந்து போனான். கூட்டத்தில் யாரோ ஊளையிட்டார்கள்.

மறுநாள் வழக்கம்போலப் போனோம். அவனுடைய ஐயா வாசல் நிலையில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. டாக்டரம்மா தன் வழக்கமான வார்த்தையைச் சொன்னார், பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று.

"பாத்துக்கிடுங்க" என்றார் பெரியவர். "அவன் காலைல மொத பஸ்ஸுக்குத் திருப்பூர் போயிட்டான். இங்கன பாக்கதுக்கு யாரும் இல்ல."

பிறகு நாங்கள் திரும்பினோம். மொபெட்டைத் தெருவரைக்கும் டாக்டரம்மாவே தள்ளிக்கொண்டு வந்தார். அந்தத் தெருப்பக்கம் வேலையாகப் போகும்போதெல்லாம் அந்த வாசலில் நிற்பார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெரியவர் ஒருநாளும் பேசவில்லை. காளைகளைப் புதூர்ப் பக்கம் ஒருவருக்கு உழவுக்கு விற்றுவிட்டார்.

மார்கழியில் பொங்கல் பந்தய நோட்டீசில் போட வேண்டிய விவரங்களைக் கேட்க நான் மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புதூர்க்காரர் ஒருவர் மரச்சட்டத்துக்குள் ஒரு காளையை நிறுத்தியிருந்தார். சப்பையில் கட்டி. ஆறுகிற மாதிரி இருக்கும், திரும்ப உடைந்து சீழ் வடியும், மாதக்கணக்காக இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காளையை எனக்கு அடையாளம் தெரிந்தது. டாக்டரம்மாவுக்கும் தெரிந்திருக்கும். என்னைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியைக் கீறினார். சீழ் வடிந்ததும் உள்ளே இடுக்கியை விட்டுத் தேடினார். ஏதோ தட்டுப்பட்டது. மெதுவாக இழுத்தார்.

வெளியே வந்தது ஒரு முள். சீமைக்கருவேல முள், முழு விரல் நீளம், கறுத்துப் போயிருந்தது.

அவர் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, காளைக்காரரை அனுப்பிவைத்தார். பிறகு அந்த முள்ளையும் குழாயடியில் கழுவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னிடம் கேட்டார், திருப்பத்தில் ரோட்டோரம் கருவேலம் நின்றதா என்று. நின்றது. உள்பக்கமாக வளைத்தபோது வண்டி அதை உரசிக்கொண்டுதான் போனது. கொடை முடிந்த பிறகு பஞ்சாயத்தில் வெட்டிவிட்டார்கள். அதைச் சொன்னேன். அவர் அங்கேயே மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். பயந்துதான் சொன்னேன். ஒரு தீர்ப்புத் தப்பு என்று ஆகிவிட்டால் எல்லாத் தீர்ப்பும் தப்பு என்பார்கள். இதுவரை விலக்கப்பட்ட ஒவ்வொருவனும் கிளம்புவான். திரும்பவும் இரண்டு தெருவும் கல்லெடுக்கும். சங்கத் தலைவர் கேள்விப்பட்டு ஓடிவந்து, பெரியவர் வீட்டுக்குப் போய் ரகசியமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதாதா என்று கெஞ்சினார். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவன மைக்ல விலக்கினேன். காதோட போய்ச் சொன்னா அது எப்படிச் சரியாகும்?"

பொங்கல் பந்தயத்தன்று வண்டிகள் வரிசையாக நின்ற பிறகு, கொடியை எடுக்குமுன் என்னிடம் மைக்கைக் கேட்டார். மேலத்தெருவும் கீழத்தெருவும் நிறைந்திருந்தன. சுடலைமுத்துவின் ஐயா கூட்டத்துக்குப் பின்னால் தலைப்பாகையோடு நின்றதை நான் பார்த்தேன். டாக்டரம்மா தெளிவாகப் பேசினார்.

"போன கொடையில சுடலைமுத்து வண்டிய விலக்கினேன். அது என் தப்பு. மாட்டு ஒடம்புல இருந்தது முள்ளுக் காயம். ஆணிக் காயம்னு நான் நெனச்சிட்டேன். அவன் எந்தத் தப்பும் செய்யல. அவனுக்குக் குடுத்த ஒரு வருசத்த இன்னையிலருந்து நான் எடுத்துக்கிடுதேன்."

மாட்டுக் கழுத்து மணிகள் மட்டும் கேட்டன. கீழத்தெருப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. குடித்துவிட்டு வண்டியேறி விலக்கப்பட்டானே, அவன்தான். "அப்பம் என்னைய விலக்கினதும் தப்புதான டாக்டரம்மா?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஒன்ன விலக்கினது சரிதாம்லே" என்றார். முதலில் அவனுடைய அம்மா சிரித்தார். பிறகு இரண்டு தெருவும் சேர்ந்து சிரித்தன. அவனும் சிரித்துவிட்டான். நாங்கள் பயந்த சண்டை அங்கேயே முடிந்துபோனது. அவர் கொடியைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டு பெண்கள் நிற்கும் பக்கம் போய் நின்றார்.

பந்தயம் முடிந்ததும் பெரியவர் எங்களிடம் வந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஆனால் தளரவும் இல்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? ஊருக்குச் சொல்லி என்ன செய்ய? அவன்கிட்டல்லா சொல்லணும்" என்றார்.

"சொல்லுதேன் அண்ணாச்சி. எங்கன இருக்கான்?" என்று கேட்டார் அவர்.

மறுநாள் அவரும் நானும் திருப்பூருக்கு பஸ் ஏறினோம். மதுரை தாண்டிய பிறகு கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குக் கொடுத்தார், தான் சாப்பிடவில்லை. பனியன் கம்பெனி வாசலில் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கக் காத்திருந்தோம். சுடலைமுத்து வெளியே வந்தபோது எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றான். விரல்களில் சாயம் ஏறியிருந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தான். ஐயாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டான்.

எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். முள்ளைப் பற்றி, மைக்கில் சொன்னதைப் பற்றி. ரத்தத்தையும் கம்பிலிருந்த துளையையும் சேர்த்துப் பார்த்து ஆணி என்று முடிவு செய்துவிட்டேன் என்றார். அவன் டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"அந்தத் தொளையா?" என்றான். "அது எங்கய்யா கம்பு டாக்டரம்மா. நீங்க ரூல்ஸ் போட்ட அன்னைக்கே எங்கய்யா கொறடு எடுத்து அந்த ஆணியப் பிடுங்கிட்டாவ. டாக்டரம்மா சொன்னா கேக்கணும்லேன்னு சொல்லிட்டுப் பிடுங்கினாவ. ஊர்ல மொத ஆணி பிடுங்கினது எங்க வீட்லதான்."

விதியை மீறியதற்குச் சாட்சி என்று ஊருக்கே டாக்டரம்மா தூக்கிக் காட்டிய துளை, அவர் பேச்சைக் கேட்டு நடந்ததன் அடையாளமாக இருந்திருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கு ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றான் சுடலைமுத்து. குற்றம் சொல்வதுபோல அவன் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்.

"கேட்டிருக்கணும்லே" என்றார் அவர். "கேக்காமப் போயிட்டேன்." அவனுடைய சாயம் பிடித்த கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரம் முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவன், காளைக்கு இப்போது எப்படி இருக்கிறது, காலை ஊன்றி நடக்கிறதா என்று கேட்டான். ஆறிவிட்டது, உழவுக்குப் போகிறது என்றார். அதைக் கேட்டதும்தான் அவனுக்கு அழுகை வந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு எங்களை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். ஓரம் தையல் கோணிப்போனதால் கழித்த பனியன்களில் நல்லதாக இரண்டை எடுத்து வந்து, உங்கள் மகளுக்கு என்று கொடுத்தான். ஊருக்குத் திரும்பி வா என்று அவர் அவனிடம் சொல்லவில்லை. இங்கே சாப்பாடு எப்படி, எங்கே படுக்கிறாய் என்றுதான் கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பனியன்கள் அவர் மடியிலேயே இருந்தன. விருதுநகர் வந்ததும் என்னைத் தட்டி எழுப்பி, விதிகளில் ஒன்று சேர்க்க வேண்டும் என்றார். யாரை விலக்குவதானாலும் அதற்கு முன்னால் அவன் என்ன சொல்கிறான் என்று கேட்க வேண்டும். அடுத்த நோட்டீசில் அதைத்தான் முதல் விதியாக அடித்தேன்.

அதன்பிறகு நடந்த பந்தயங்களில் அவர் நடுவராக நிற்கவில்லை. பந்தயத்துக்கு முன்னும் பின்னும் மாடுகளைப் பார்ப்பார், மருந்து போடுவார். தீர்ப்பு என்று வந்தால் விலகிக்கொள்வார். புதிதாக நடுவராக நின்ற பாங்குக்காரர் தடுமாறும்போது எல்லாரும் இவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். இவர் அந்நேரம் பக்கத்திலிருக்கும் பெண்ணிடம் மிளகாய் விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அதற்குள் ராமநாதபுரம் பக்கம் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. பங்குனிக் கொடை முடிந்ததும் போகவேண்டும். கடைசியாக ஒருமுறை கொடி அசைத்துவிட்டுப் போங்கள், ஊரே கேட்கிறது என்று இரண்டு தெருப் பெரியவர்களும் சேர்ந்து வந்து சொன்னார்கள். எனக்கு இன்னும் வருசம் முடியவில்லையே என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தக் கொடைக்குச் சுடலைமுத்து லீவில் ஊருக்கு வந்திருந்தான். அவனிடம் மாடு இல்லை. கீழத்தெருக்காரர் ஒருவர் தன் ஜோடியைக் கொண்டுவந்து, நீ ஓட்டு என்று கயிற்றை அவன் கையில் கொடுத்தார். முதலில் மாட்டேன் என்றான். அவனுடைய ஐயா, வாங்குலே என்று சொன்ன பிறகு வாங்கிக்கொண்டான்.

டாக்டரம்மா பெண்கள் பக்கம், சுடலைமுத்துவின் அம்மாவுக்கு அருகில் நின்றார். வண்டிகள் போய், திருப்பத்தில் வளைந்து திரும்பி, தூரத்தில் புழுதியோடு தெரிந்தன. எந்த வண்டி முன்னால் என்று நான் மைக்கில் சொல்லத் தொடங்கினேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், என் மைக்கையும் தாண்டிக் கேட்டது. யார் என்று பார்த்தேன். அவர்தான்.

நடுவராக நின்ற வருசங்களில் அவர் எந்த வண்டிக்காகவும் வாய் திறந்ததில்லை. திறக்கவும் முடியாது. ஒரு மாடு பிடித்திருந்தால்கூட முகத்தில் காட்ட மாட்டார். அன்றைக்கு அவர் நடுவர் இல்லை. "சொடல, விடுலே! விட்டுப் பிடிலே!" என்று ரோட்டோரத்தில் நின்று கத்தினார். வண்டிகள் நெருங்க நெருங்க நின்ற இடத்தில் நிற்க முடியாமல் கூடவே ஓடினார். சேலையின் முன்கொசுவத்தை ஒரு கையில் அள்ளிப் பிடித்திருந்தார். ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. சுடலைமுத்துவின் அம்மா அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து, ரோட்டுக்குள் போய்விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே தானும் சேர்ந்து ஓடினார்.

சுடலைமுத்து மூன்றாவதாகத்தான் வந்தான். அதை மைக்கில் சொல்ல வேண்டியவன் நான். கொஞ்ச நேரம் சொல்லாமல், அந்தப் புழுதிக்குள் ஒற்றைச் செருப்போடு நின்று தொண்டை கட்டியும் கத்திக்கொண்டிருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.